நீர்த்தொட்டிச் செடிகளிற் படியும் பாசியும் அதனை அடக்கும் முறையும்

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மலைச்சரிவுகளிலே தேயிலையும் இறப்பரும், அடிவாரத் தாழ்நிலங்களிலே நெல்லும், லயங்களைச் சூழ மரக்கறிப் பாத்திகளும் செய்கைபண்ணப்படுகின்றன. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்கின்றது. இறுகிய பாறைகளினூடாகக் கசிந்து வரும் இப்பகுதியின் ஊற்றுநீர் சுண்ணாம்புச்சத்துக் குறைந்த மென்னீராகும். மென்னீரும், மர நிழலும், ஓயாத ஈரப்பதனும் ஒருங்கே அமைந்த இவ்விடங்கள் அழகுமீன் தொட்டிகளில் நடப்படும் நீர்ச்செடிகளை வளர்ப்பதற்கு மிகவும் உகந்தவை.

இச்செடிகளுள் முதன்மையானது கிரிப்டோகோரைன் என்னும் இனம். இது சேம்பும் கொகிலைக் கிழங்கும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கையின் ஈரவலய ஓடைகளில் இதன் பல வகைகள் இயற்கையாக வளர்கின்றன. அவற்றுட் சில உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாதவை. 1958ஆம் ஆண்டில் தாவரவியலறிஞர் டி விற் என்பவரால் விவரிக்கப்பட்ட கிரிப்டோகோரைன் வெண்ட்டியை என்னும் வகை இன்று பல நாடுகளின் கண்ணாடித் தொட்டிகளில் வளர்கின்றது. இதனோடு இலஜினாந்திரா, அப்பொனோகெற்றன் ஆகிய இனங்களும் விரும்பி வாங்கப்படுகின்றன. வீட்டின் பின்புறத்து நிழலிலே சில தொட்டிகளை வைத்துப் பராமரிக்கும் குடும்பத்துக்கு இச்செடிகள் துணை வருமானமாக அமையக்கூடும்.

ஆயினும் இச்செய்கையில் இறங்குவோரைச் சோர்வடையச் செய்யும் இடையூறு ஒன்றுண்டு. அதுவே இலைகளிற் படியும் பாசி. நெற்கதிரில் நாலைந்து பதர் இருந்தாலும் நெல் விலைபோகும். நீர்ச்செடியோ இலையின் அழகுக்காகவே வாங்கப்படுவது. இலை விளிம்பிற் கறுத்த மயிர்போலப் பாசி படிந்த செடியை வாங்குவோர் ஏற்பதில்லை. பல மாதம் பேணிய தொட்டி முழுவதும் இவ்வாறு கழிக்கப்படலாம். அந்த ஏமாற்றத்தினாற் சிலர் வயலுக்கும் மரக்கறிக்கும் வைத்திருக்கும் மருந்தைத் தொட்டியிற் கலக்கத் துணிகின்றனர். அதனால் மீனும் செடியும் மடிவதோடு, தொட்டிநீர் வடிந்து செல்லும் ஓடையும் கெடுகின்றது. பாசியின் இயல்பை அறிந்தவருக்கு இத்தகைய மருந்து வேண்டியதில்லை.

பாசி என்பது யாது?

நூல்களில் அல்கா எனப்படும் பாசி, வேர், தண்டு, இலை என்ற பகுப்பில்லாத எளிய உயிரினமாகும். பயிரைப் போலவே இதுவும் ஒளியையும், நீரிற் கரைந்த காபனீரொட்சைட்டையும், நைதரசன், பொசுபரசு முதலிய ஊட்டங்களையும் கொண்டு வளர்கின்றது. பூசணம் இலைக்குள் நுழைந்து அதன் சாற்றை உறிஞ்சுவது. பாசி அவ்வாறன்று. அது இலையைத் தன் இருப்பிடமாக மாத்திரம் கொண்டு, அதன் மேல் ஒட்டி, ஒளியை மறைக்கின்றது. ஆகவே பாசியை நோயாகக் கொள்ளாது களையாகக் கொள்ளுதல் வேண்டும். களையை அடக்குவதற்குரிய முதல் வழி பயிரைச் செழிக்கச் செய்தல் என்பது கமக்காரர் அறிந்ததே.

எல்லாப் பாசியும் பகையன்று. நெல்வயல் நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் வளியிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்கு அளிக்கின்றன என்பதை 1939ஆம் ஆண்டில் இந்திய அறிஞர் பி. கே. டே விளக்கினார். அசோலா என்னும் மிதக்கும் பன்னம் பசுந்தாட் பசளையாகப் பயன்படுவதும் அதன் இலைக்குள் வாழும் இத்தகைய பாசியினாலேயே. வயலில் நண்பனாக இருப்பது தொட்டியிலே தொல்லையாகின்றது.

பாசியினங்களை வேறுபடுத்தி அறிதல்

பாசியை அடக்க முற்படுமுன் அது எவ்வினம் என்று அறிதல் வேண்டும். ஓரினத்துக்கு ஏற்ற முறை மற்றோரினத்துக்குப் பயன்படாது.

பழுப்புப் பாசி: புதிதாக அமைத்த தொட்டியின் முதற் சில வாரங்களிற் கண்ணாடியிலும் இலையிலும் பழுப்புத் தூள்போலப் படிவது. விரலாற் துடைத்தால் நீங்கும். செடிகள் வேரூன்றியதும் பெரும்பாலும் தானே மறையும்.

பச்சைநீர்: நுண்ணிய பாசிகள் பெருகி நீர் முழுவதும் பச்சையாதல். கடும் வெயில் படும் தொட்டிகளிலும் உரம் மிகுந்த நீரிலும் தோன்றும்.

நூற்பாசி: பச்சை நூல்போலவும் பஞ்சுபோலவும் செடிகளைச் சுற்றிப் படர்வது. விதைத்த வயலில் நாற்றுக்களிடையே மிதக்கும் பச்சைப் படலமும் இத்தகையதே.

பச்சைப் புள்ளிப் பாசி: முதிர்ந்த இலைகளிலும் கண்ணாடியிலும் சிறு வட்டப் புள்ளிகளாக இறுகி ஒட்டுவது. துடைத்தால் நீங்காது.

நீலப்பச்சைப் படலம்: வழவழப்பான போர்வைபோல மண்ணையும் இலையையும் மூடி, சேற்று நாற்றம் வீசுவது. கையால் உரித்தால் தகடு தகடாக வரும்.

கருந்தாடிப் பாசி: இலை விளிம்பிலும், கல்லிலும், மரத்துண்டிலும் கறுப்பு அல்லது கருஞ்சாம்பல் நிறத் தூரிகை மயிர்போல நிற்பது. பிடிவாதமானது என்று செய்கையாளர் முறையிடுவது பெரும்பாலும் இதனையே. பார்வைக்குக் கறுப்பாயினும் இது செம்பாசி வகுப்பைச் சேர்ந்தது. இவ்வகுப்பின் உறவினர் பெரும்பாலானவை கடலில் வாழ்பவை. கஞ்சி காய்ச்சுவதற்காகக் கடலில் எடுக்கப்படும் கஞ்சிப்பாசியும் இவ்வகுப்பினதே. ஐயமுண்டாயிற் சிறு துணுக்கைக் கிள்ளி மதுசாரத்தில் இட்டு வைக்கலாம். பச்சைநிறப் பொருள் கரைந்து நீங்கச் செந்நிறம் வெளிப்படும்.

இக்கருந்தாடிப் பாசி அடிப்பகுதியால் இலையை இறுகப் பற்றிக்கொள்வதாலும், இதனை விரும்பி உண்ணும் மீன்கள் சிலவே ஆதலாலும் நீக்குதற்கு அரிதாகின்றது. கிரிப்டோகோரைன் மெதுவாக வளர்வது. அதன் இலையொன்று பல மாதம் செடியில் நிலைத்திருக்கும். விரைவாகப் புது இலை விடும் செடியிற் பழைய இலை பாசியுடன் உதிர்ந்துவிடும். மெதுவாக வளரும் செடியிலோ பாசி நிலைகொள்ளக் காலம் கிடைக்கின்றது.

வயல் கற்பிக்கும் மூன்று பாடங்கள்

நெல்வயலை உற்று நோக்கிய கமக்காரருக்குத் தொட்டியின் பாசி புதிரன்று.

முதலாவது, விதைத்த சில வாரங்களுக்கு நீர்மேல் வெயில் நேரே படுவதாற் பாசி பெருகுகின்றது. பயிர் தூர்கட்டி இலைகள் நீர்மேற் கவிந்தவுடன் பாசி தளர்கின்றது. பயிரின் நிழலே அங்கு பாசிக்கு மருந்து.

இரண்டாவது, பசளையை நீர்மேல் வீசினால் அதன் பங்கொன்றைப் பாசி முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ளும். சுப்பர் பொசுபேற்றை நீர்மேல் வீசிய பின்னர்ப் பச்சைப் படலம் பெருகுவதும் இதனாலேயே. பசளையை மண்ணுள்ளே வேரருகில் வைத்தாற் பயிரே அதனைப் பெறும்.

மூன்றாவது, பாசிப்படலம் நாற்றுக்களை அமுக்கும்போது கமக்காரர் நீரை வடித்து வயலைச் சில நாள் காயவிடுகின்றனர். பயிர் வேரினால் ஈரத்தைப் பெற்றுப் பிழைக்க, வேரற்ற பாசி உலர்ந்து மடிகின்றது.

நிழல், பசளையை வைக்கும் இடம், நீரை நீக்குதல் என்னும் இம்மூன்றுமே தொட்டிக்கும் பொருந்தும்.

பாசி பெருகுவதற்குக் காரணங்கள்

மிகை ஒளி: கிரிப்டோகோரைன் காட்டோடைகளில் மர நிழலின் கீழ் வளரப் பழகியது. அதற்கு வேண்டியதினும் மிகுதியாக விழும் ஒளியைச் செடி பயன்படுத்துவதில்லை. அவ்வொளி பாசிக்கே போய்ச்சேரும்.

காபனீரொட்சைட்டுக் குறைவு: வாயுக்கள் வளியிற் பரவுவதினும் நீரில் ஏறக்குறைய பதினாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகின்றன. எனவே அசைவற்ற நீரில் இலையருகேயுள்ள காபனீரொட்சைட்டுத் தீர்ந்துபோக, ஒளி இருந்தும் செடி வளராது நிற்கும். நின்ற செடியிற் பாசி ஏறும். புளிக்கவைத்த சீனிக் கரைசலிலிருந்து இவ்வாயுவைத் தொட்டிக்குச் செலுத்துவோர், ஒருநாள் மிகுதியாயும் மறுநாள் குறைவாயும் செலுத்தினால், அந்த ஏற்றத்தாழ்வும் கருந்தாடிப் பாசிக்கு வாய்ப்பாகின்றது.

கழிவு: உண்ணாது எஞ்சிய மீனுணவு, மீன்கழிவு, அழுகிய இலை ஆகியவை அமோனியாவாக மாறிப் பாசியைத் தூண்டுகின்றன. மீன் மிகுந்து செடி குறைந்த தொட்டிகளிற் பாசி பெருகுவது இதனாலேயே.

புதுச் செடி: பெரும்பாலான தொட்டிகளுக்குக் கருந்தாடிப் பாசி வெளியிலிருந்து வாங்கிய செடியுடனோ கல்லுடனோ தான் வந்துசேர்கின்றது.

அடக்கும் முறை

பின்வருவனவற்றை வரிசைப்படி செய்தல் வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுதல் கூடாது. கிரிப்டோகோரைன் திடீர் மாற்றத்தைப் பொறாது. நீரின் தன்மையோ ஒளியோ சடுதியாக மாறினால் அதன் இலைகள் கூழாகிக் கரைந்துவிடும். அவ்வாறு நேர்ந்தாற் செடியைப் பிடுங்கி எறியாது அழுகிய இலைகளை மட்டும் நீக்கிவிடவேண்டும். மண்ணுள் இருக்கும் கிழங்கு பெரும்பாலும் மீண்டும் துளிர்க்கும்.

முதலாவதாக, பாசி மிகுதியாகப் படிந்த முதிர்ந்த இலைகளைக் காம்பின் அடியோடு வெட்டி அகற்றவேண்டும். மூன்றிலொரு பங்கு இலைகளுக்கு மேல் ஒரே தடவையில் வெட்டலாகாது. நூற்பாசியைப் பழைய பற்தூரிகையிற் சுற்றி இழுத்து எடுக்கலாம். வெட்டியவற்றை ஓடையருகிற் போடாது உலர்ந்த இடத்திற் குழிதோண்டிப் புதைத்தல் நன்று.

இரண்டாவதாக, ஒளியைக் குறைக்கவேண்டும். மின்விளக்குள்ள தொட்டியில் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் போதும். வெளியிலுள்ள சீமெந்துத் தொட்டிகளின் மேற் கிடுகையோ நிழல்வலையையோ விரித்து நேர்வெயில் படாமற் காக்கவேண்டும். இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் ஆண்டின் தொடக்க மாதங்களில், அதுவரை நிழலிலிருந்த தொட்டியில் வெயில் படக்கூடும். அக்காலத்திற் பந்தலை அடர்த்தியாக்குதல் வேண்டும்.

மூன்றாவதாக, வாரந்தோறும் நீரில் மூன்றிலொரு பங்கை மாற்றவேண்டும். பெருமழைக்குப் பின் ஊற்றுநீர் கலங்கி வருமாயின் வாளிகளிற் தெளியவிட்ட பின்னரே ஊற்றவேண்டும். குழாய்நீராயின் குளோரீன் நீங்கும்படி ஒருநாள் திறந்து வைக்கவேண்டும். வெளியேற்றிய நீர் ஊட்டம் உள்ளது. மருந்து எதுவும் கலவாததாயின் அதனை மரக்கறிப் பாத்திக்குப் பாய்ச்சலாம்.

நான்காவதாக, மீன்களின் தொகையையும் உணவையும் குறைக்கவேண்டும். சில நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே இடுதல் வேண்டும். வெளித் தொட்டிகளில் மீனை முற்றாக நீக்கிவிடலாகாது. நுளம்புக் குடம்பிகளை உண்ணும் சில கப்பி மீன்களேனும் இருத்தல் அவசியம். டெங்கு பரவும் மாவட்டங்களில் இது சட்டத்துக்கும் அயலவர் நலத்துக்கும் உரிய கடமையாகும்.

ஐந்தாவதாக, பசளையை நீரிற் கரைக்காது வேரருகே வைக்கவேண்டும். களிமண்ணைச் சுண்டைக்காய் அளவு உருண்டையாக்கி, அதன் நடுவே மிகச் சிறிதளவு பசளை வைத்து, நன்கு உலர்த்தி, செடியின் வேரருகே மண்ணுள் ஆழப் புதைக்கலாம். மீனுள்ள தொட்டியில் யூரியா இடுதல் கூடாது. அது அமோனியாவாக மாறி மீனைக் கொல்வதோடு பச்சைநீரையும் உண்டாக்கும்.

பச்சைநீர், நூற்பாசி, நீலப்பச்சைப் படலம் ஆகியவற்றுக்கு இருட்டடிப்பு என்னும் முறை பயன்தரும். நீரை மாற்றியபின் தொட்டியைத் தடித்த கரிய துணியால் மூன்று அல்லது நான்கு நாள் முற்றாக மூடி, காற்றுச் செலுத்தி, உணவிடாது விடவேண்டும். பின்னர்த் துணியை எடுத்து, மடிந்த பாசியை அகற்றி, நீரை மீண்டும் மாற்றவேண்டும். சேமிப்புள்ள செடி இவ்விருட்டைத் தாங்கும். கருந்தாடிப் பாசியும் தாங்கும். ஆகவே அதற்கு வேறு முறை வேண்டும். நீலப்பச்சைப் படலத்துக்கு மனிதருக்குரிய கிருமிகொல்லி மாத்திரைகளைக் கரைத்துவிடும் வழக்கம் தவறானது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்ற அது வழிசெய்யும்.

கருந்தாடிப் பாசிக்குரிய முறை

மேற்கூறியவற்றைச் செய்தபின்னும் கருந்தாடிப் பாசி நிலைத்திருந்தால், மருந்துக்கடைகளிற் கிடைக்கும் நூற்றுக்கு 3 வீதமான ஐதரசன் பேரொட்சைட்டைப் பயன்படுத்தலாம். இது வேலை முடிந்ததும் நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிந்துவிடுவதால் நஞ்சாக எஞ்சுவதில்லை.

செடியைத் தொட்டியிலிருந்து எடுக்க முடியுமாயின் அதுவே நன்று. பாசி படிந்த இடங்களிற் சிறு தூரிகையால் இம்மருந்தைத் தடவி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, நல்ல நீரிற் பலமுறை கழுவி மீண்டும் நடவேண்டும். வேரிற் படாதிருத்தல் வேண்டும். முதலில் ஒரு செடியிற் செய்து, சில நாள் பார்த்த பின்னரே ஏனையவற்றுக்குச் செய்தல் வேண்டும். நாடாப்போன்ற இலையுள்ள வலிஸ்நேரியாவும் பாசிபோன்ற மென்மையான செடிகளும் இம்மருந்தைப் பொறா.

தொட்டியினுள்ளேயே இடுவதாயின் அளவு முக்கியம். தொட்டியின் நீளம், அகலம், நீரின் உயரம் ஆகியவற்றைச் சதமமீற்றரில் அளந்து பெருக்கி 1000ஆல் வகுத்தால் நீரின் அளவு லீற்றரில் வரும். 90 சதமமீற்றர் நீளமும், 45 சதமமீற்றர் அகலமும், 40 சதமமீற்றர் நீருயரமும் உள்ள தொட்டியில் 162 லீற்றர் ஆகும். கல்லும் மண்ணும் அடைத்த இடத்தைக் கழித்து 150 லீற்றர் எனக் கொள்ளலாம். நான்கு லீற்றர் நீருக்கு ஒரு மில்லிலீற்றர் என்பது ஒருநாளைக்குரிய மேலெல்லை. எனவே இத்தொட்டிக்கு 37 மில்லிலீற்றருக்கு மேற்படலாகாது. நீரோட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, ஊசியற்ற மருந்தேற்றியால் பாசியின் மேல் மெதுவாக விடவேண்டும். பத்து நிமிடத்தின் பின் நீரோட்டத்தை மீளத் தொடங்கலாம். மீன்கள் மேலே வந்து மூச்சுவாங்கினால் உடனே பாதி நீரை மாற்றவேண்டும்.

மருந்து பட்ட பாசி ஓரிரு நாளில் இளஞ்சிவப்பாக மாறுவது அது மடிந்ததற்கு அடையாளம். பின்னர் வெளுத்து உதிரும். நிறம் மாறாத இடங்களுக்குச் சில நாள் கழித்து மீண்டும் இடலாம். ஆனால் ஒளியையும் கழிவையும் குறைக்காது மருந்தை மட்டும் இடுபவர் மாதந்தோறும் இதையே செய்துகொண்டிருக்க நேரும்.

தாய்ச்செடிகளை நீருக்கு வெளியே வளர்த்தல்

விற்பனைக்காகச் செடி பெருக்குவோருக்கு உறுதியான வழி இதுவே. கிரிப்டோகோரைனும் இலஜினாந்திராவும் ஓடைக்கரைச் செடிகள். மழைக்காலத்தில் நீருள்ளும், நீர் வற்றிய காலத்தில் ஈரமண்ணின்மேல் வளியிலும் வளரும் இயல்பு அவற்றுக்குண்டு. வளியில் வளரும் இலையில் நீர்ப்பாசி நிலைக்க முடியாது. அன்றியும் வளியிலே காபனீரொட்சைட்டுத் தாராளமாகக் கிடைப்பதால் செடி விரைந்து பெருகும். பெருந்தொகையாக வளர்ப்போர் கைக்கொள்ளும் முறையும் இதுவே.

இதற்கு ஆழமற்ற தொட்டி அல்லது தட்டுப் போதும். கழுவிய ஆற்றுமணலையும் தும்புத்தூளையும் கலந்து பத்துச் சதமமீற்றர் அளவுக்கு நிரப்பவேண்டும். பாசி பிடித்த செடியின் நீரிலைகளைக் காம்பில் ஒரு சதமமீற்றர் விட்டு வெட்டி, கிழங்கையும் வேரையும் கழுவி நடவேண்டும். நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்கவேண்டும். இவ்வாறு வைத்தால் திறந்த நீர் இல்லாமையால் நுளம்பும் முட்டையிடாது. வளைத்த மூங்கிற் கம்புகளின்மேற் பொலித்தீனை விரித்து மூடி, அதன்மேல் நிழல்வலை இடவேண்டும். உள்ளே ஈரப்பதன் நீங்காதிருத்தல் முக்கியம். புது இலைகள் தோன்றியபின் பொலித்தீனைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்கலாம்.

வாய்ப்பான ஈரப்பதன் இயற்கையாகவே அமைந்திருப்பதால் இரத்தினபுரி, எகலியகொடை, தெரணியகலை, எட்டியாந்தோட்டை போன்ற இடங்களில் இம்முறைக்குச் செலவு குறைவு. நாற்றுமேடையைப் பேணத் தெரிந்தவருக்கு இதுவும் நாற்றுமேடையே. இச்செடிகளை மீண்டும் நீருள் நடும்போது வளியில் வளர்ந்த இலைகள் சில உதிர்ந்து, நீருக்கேற்ற இலைகள் புதிதாகத் தோன்றும். வாங்குவோருக்கு இதனை முன்னரே சொல்லிவைத்தால் முறைப்பாடு எழாது.

செய்யத்தகாதவை

செப்புச் சல்பேற்று என்னும் மயில்துத்தத்தைத் தொட்டியில் இடுதல் கூடாது. பாசியைக் கொல்லும் ஆற்றல் அதற்குண்டு என்பது உண்மையே. ஆனால் செம்பின் நஞ்சு சுண்ணாம்புச்சத்துக் குறைந்த மென்னீரிற் பன்மடங்கு கடுமையாகின்றது. வன்னீருள்ள யாழ்ப்பாணத்துத் தொட்டியொன்றில் மீன் தாங்கிய அளவு சப்பிரகமுவ நீரில் மீனை மடிவிக்கக்கூடும். இறாலும் நத்தையும் மிகச் சிறிய அளவையும் தாங்கமாட்டா. செம்பு அழிவதுமில்லை. அது மண்ணிற் தங்கும். தோட்டங்களிற் பெரும்பாலான வடிகால்கள் கீழேயுள்ள பீலியையோ வயலையோ சென்றடைகின்றன. மேல் லயத்தார் தொட்டியில் ஊற்றியதைக் கீழ் லயத்தார் குடிக்க நேரலாம். களைகொல்லிகளுக்கும் இதுவே பொருந்தும்.

பாசியுண்ணும் என்று கூறி விற்கப்படும் அயல்நாட்டு நத்தைகளையும் மீன்களையும் வயலருகே வளர்த்தல் கூடாது. 1980ஆம் ஆண்டளவில் உணவுக்காகத் தாய்வானுக்குக் கொண்டுவரப்பட்ட தென்னமெரிக்கப் பொன்னத்தை, பின்னர்ப் பிலிப்பைன்சு முதலிய நாடுகளின் நெல்வயல்களிற் பரவி இளநாற்றுக்களைத் தின்று பெருஞ்சேதம் விளைவித்தது. தொட்டி துப்புரவு செய்யும் மீன் என அழைக்கப்படும் தென்னமெரிக்க உறிஞ்சுவாய் மீன்கள் இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியுள்ளன. கருந்தாடிப் பாசியை இவற்றாற் தீர்க்கவும் இயலாது.

நிழலுக்காகச் சல்வீனியாவையோ ஆகாயத்தாமரையையோ தொட்டியில் மிதக்கவிடலாகாது. அழகுச்செடியாக இலங்கைக்கு வந்த ஆகாயத்தாமரையை ஒழிப்பதற்கு 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. 1939ஆம் ஆண்டில் வந்த சல்வீனியா குளங்களையும் வயல்களையும் மூடியது. மிதக்கும் செடி வேண்டுமாயின் அசோலா போதும். மிகுந்ததை எடுத்துப் பாத்திக்குப் பசளையாக்கலாம். எந்தச் செடியையும் மீனையும் தொட்டியிலிருந்து ஓடையில் எறிதல் கூடாது. இலங்கைக்குரிய கிரிப்டோகோரைன் பெக்கெற்றியை என்னும் செடியே 1990களில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்துச் சான் மார்க்கோசு ஆற்றிற் களையாகப் பரவி, முயன்று அகற்றப்பட்டது. ஓரிடத்துச் செல்வம் மற்றோரிடத்துக் களையாகும் என்பதற்கு இதுவே சான்று.

காட்டோடைகளிலிருந்து செடி பிடுங்குதலும் கூடாது. 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனத்திலிருந்து எச்செடியையும் எடுத்தல் குற்றமாகும். சிறு ஓடையொன்றில் மட்டும் வாழும் வகையைப் பிடுங்கினால் அது உலகிலிருந்தே அற்றுப்போகலாம். மேலும் காட்டுச் செடியுடன் பாசியும் நத்தை முட்டையும் சேர்ந்தே வரும். ஏற்றுமதியாகும் செடிகள் கட்டுநாயக்காவிலுள்ள தேசியத் தாவரத் தொற்றுத்தடைக் காப்புச் சேவையின் பரிசோதனைக்கு உட்பட்டவை. சொந்த மேடையிற் பெருக்கிய தூய செடியே அங்கு தடையின்றிச் செல்லும்.

புதுச் செடிக்குத் தனித்தொட்டி

வெளியிலிருந்து வாங்கிய எச்செடியையும் நேரே தாய்த்தொட்டியில் நடலாகாது. அதற்கெனத் தனித்தொட்டி ஒன்றில் மூன்று அல்லது நான்கு வாரம் வைத்து, பாசியோ நத்தையோ தோன்றுகின்றதா எனப் பார்த்த பின்னரே சேர்க்கவேண்டும். பாசியுள்ள தொட்டியிற் பயன்படுத்திய வலை, கத்தரிக்கோல், குழாய் ஆகியவற்றை வெயிலில் நன்கு உலர்த்தாது மற்றத் தொட்டியில் இடலாகாது. நாள் முழுதும் மழைபெய்யும் காலத்தில் அவற்றைக் கொதிநீரிற் கழுவுதல் வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பாசி நோயன்று, களை. அதன் இனத்தை அறிந்த பின்னரே முறையைத் தெரிதல் வேண்டும்.

2. ஒளியைக் குறைத்தல், நீரை வாரந்தோறும் மாற்றுதல், மீனுணவைக் குறைத்தல் ஆகிய மூன்றும் எல்லாப் பாசிக்கும் பொதுவானவை.

3. பசளை நீரிலன்று, வேரருகே இருத்தல் வேண்டும்.

4. கருந்தாடிப் பாசிக்கு ஐதரசன் பேரொட்சைட்டை அளந்து இடவேண்டும். கண்ணளவு கூடாது.

5. விற்பனைக்குரிய தாய்ச்செடிகளை ஈரமேடையில் நீருக்கு வெளியே வளர்த்தல் வேண்டும்.

6. மயில்துத்தம், களைகொல்லி, அயல்நாட்டு நத்தை, சல்வீனியா ஆகியவை தொட்டியருகே வரலாகாது.

7. தொட்டியில் ஊற்றும் எதுவும் ஒருநாள் ஓடையைச் சேரும் என்பதை மறத்தல் கூடாது.

பயிர் செழித்து நீர்மேற் கவிந்த வயலிற் பாசியைத் தேடினாலும் காண்பதரிது. செடி நிறைந்து, நீர் தெளிந்து, ஒளி அளவாக விழும் தொட்டியும் அவ்வாறே. பாசி முதன்முதலாகத் தலைகாட்டும்போதே காரணத்தை அறிந்து நீக்குபவருக்குச் செலவும் குறையும், செடியும் விலைபோகும், லயத்துக்குக் கீழேயுள்ள பீலியின் நீரும் தூயதாக ஓடும்.